இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புரட்டு: வாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள

வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன ஒருவரை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, டிஸ்சார்ஜ் பண்ணி, வண்டியில் படுக்கவைத்து மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ கொண்டுபோய் இறக்குகிறார்கள் என்று வையுங்கள். பகல் முழுக்கச் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்து, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வீட்டு ஆட்களுக்குப் பயம் பிடிக்கும். மூக்கில் ஒரு குழாய், கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை, நடுவில் பேச முடியாமல் படுத்திருக்கிற மனிதர். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை பெயர் இருக்கும், மறுபடி என்றைக்கு வரணும் என்று தேதி இருக்கும். ஆளை எப்படிப் புரட்டுவது, கஞ்சியை எப்படி ஊற்றுவது என்பது அதில் இருக்காது. முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் நர்சாக இருந்தவள் நான். அந்தச் சீட்டில் இல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னை யாரும் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம். என் அப்பா வாதத்தில் விழுந்து படுத்த படுக்கையாக இருந்தார். முதல் நாலு மாதமும் முதுகில் ஒரு கீறல் இல்லாமல்தான் வைத்திருந்தோம். சித்திரைத் திருவிழா வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள், எதிர்சேவைக்கு ஒரு கூட்டம், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியக்காலம் இன்னொரு கூட்டம். அப்பாவை அவர் திருப்பியிருப்பார் என்று இவரும், இவர் திருப்பியிருப்பார் என்று அவரும், இரண்டையும் நம்பி நானும். மறுநாள் மத்தியானம் துணியை விலக்கிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக ஒரு தடம். அது புண்ணாகி, ஆறுவதற்கு மூன்று மாதம் ஆனது. நர்ஸ் வீட்டிலேயே இந்தக் கதி என்றால் பாருங்கள்.

படுக்கைப்புண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில், கீழே மெத்தை, மேலே எலும்பு, நடுவில் சதை நசுங்குகிறது. நசுங்கின சதைக்கு ரத்தம் போகாது. நமக்கு அப்படி ஆனால் தூக்கத்திலேயே புரண்டு படுத்துவிடுவோம். அவருக்கு உணர்ச்சியும் இல்லை, புரள பலமும் இல்லை. மணிக்கணக்கில் ரத்தம் போகாமல் கிடந்தால் சதை உள்ளேயே செத்துப்போகும், மேல்தோல் பிய்வது அதற்குப் பிறகுதான். அதனால் வெளியே சின்னதாகத் தெரிகிற புண் உள்ளே குழியாக இருக்கும். இதற்குத் தடவ வேண்டிய களிம்பு எது என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். சதையை நசுக்குகிற எடையை எந்தக் களிம்பும் தூக்காது. ஆளைத் திருப்பித்தான் ஆகணும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம், கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை சற்று சாய்த்து எடையை மாற்றிவிட வேண்டும்.

எந்தெந்த இடம் என்றால், மல்லாந்து படுத்தால் பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு இருக்கிற இடம், குதிகால். ஒருக்களித்தால் காது மடல், தொடை மேல் எலும்பு, முட்டியின் உள்பக்கம், கணுக்கால். தினம் குளிப்பாட்டுகிற நேரத்தில், டார்ச் அடித்து இத்தனையையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி நிறம் வந்தால் பரவாயில்லை, வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது முதல் நிலைப் புண். நம்ம ஊர்த் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள். சுற்றியிருக்கிற தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ, தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ, இல்லை கொழகொழவென்றோ இருந்தால் அதே கணக்குதான். அந்தப் பக்கம் சரியாகும்வரை அதன்மேல் படுக்கவே வைக்கக் கூடாது. அந்த இடத்தை எண்ணெய் விட்டுத் தேய்க்கவும் கூடாது. நாங்கள் படிக்கிற காலத்தில் முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடச் சொல்லித்தான் கொடுத்தார்கள், நானும் நூற்றுக்கணக்கான முதுகில் தேய்த்திருக்கிறேன். இப்போது அது தப்பு என்று ஆகிவிட்டது. ஸ்பிரிட் தோலை வறட்டிவிடும், ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கிற சதையைத் தேய்த்தால் இன்னும் பிய்யும்.

சரி, திருப்புவது எப்படி. முதலில் கட்டில். பாயில் தரையில் போட்டிருந்தால் ஒரே வாரத்தில் பார்த்துக்கொள்கிறவர் இடுப்பு போய்விடும். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து ஆளை V போல மடக்கிவிடும். பலகை போட்ட கட்டிலும் ஒரு நல்ல மெத்தையும் போதும், உங்கள் இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் ரொம்ப நல்லது. அப்புறம் ஒரு பழைய சுங்குடிச் சேலை எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது, ஜரிகை, தையல் எதுவும் இல்லாதது. அதை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை வருகிற மாதிரி அவருக்குக் கீழே விரித்துவிடுங்கள். இதுதான் உங்கள் கைப்பிடி. கட்டிலின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் நின்று, சேலையின் ஓரத்தை உடம்புக்கு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்துங்கள். கக்கத்தில் கை கொடுத்து இழுத்தால் இரண்டு கேடு. முதுகுத்தோல் மெத்தையில் உரசிப் பிய்யும். விழுந்த கையின் தோள்மூட்டு கழன்று இறங்கும். அந்த மூட்டைப் பிடித்து வைத்திருக்கிற தசைக்குப் பலம் இல்லை அல்லவா, ஒரு இழுப்புக்கே நழுவிவிடும், பிறகு ஆயுசுக்கும் தோள்வலி.

ஒரு பக்கம் திருப்பும்போது முழுசாகத் தொண்ணூறு டிகிரிக்கு நிறுத்தினால் மொத்த எடையும் தொடை எலும்பில் போய் உட்காரும். 30 டிகிரி சாய்வு போதும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை நீளவாக்கில் செருகினால் தானாக அந்தச் சாய்வு வந்துவிடும். இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கட்டும். உங்கள் விரல் குதிகாலுக்குக் கீழே நுழைகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். பிறகு உடுப்புச் சுருக்கம், துணியில் மாட்டியிருக்கிற பின், உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட மூத்திரக் குழாய், சாப்பாட்டுத் துணுக்கு எல்லாவற்றையும் தடவிப் பார்த்து எடுங்கள்.

சுவரில் ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் மணி எழுதி ஒட்டுங்கள்: 6 வலது, 8 மல்லாந்து, 10 இடது, இப்படி. திருப்பினவர் அதில் டிக் போட வேண்டும். எங்கள் வீட்டில் திருவிழா அன்று இல்லாமல் போனது அந்த அட்டைதான்.

ஏர் பெட் வாங்கலாமா என்று கேட்பீர்கள். பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற கடைகளிலேயே ஏர் பெட், வாட்டர் பெட் இரண்டும் கிடைக்கும், முடிந்தால் ஏர் பெட்டே வாங்குங்கள், மோட்டார் வைத்தது, அறை அறையாக மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும். ஆனால் அது வந்துவிட்டது என்று புரட்டுவதை நிறுத்தினவர்கள் வீட்டில்தான் நான் பெரிய புண்களைப் பார்த்திருக்கிறேன். அவருடைய இடுப்புக்கு நேராக ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள், அவர் எலும்பு உங்கள் கையில் இடித்தால் காற்று போதாது. கரன்ட் போனால் காற்றும் இறங்கும், அதனால் அதற்கு அடியில் சாதா மெத்தை இருக்கணும். மேலே கனமான போர்வை, ரெக்சின் ஷீட் இரண்டு மூன்று போட்டு மூடிவிட்டால் வாங்கின காசு வீண். நடுவில் ஓட்டை இருக்கிற ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம், அது ஓட்டையைச் சுற்றி அழுத்தி நடுச்சதைக்கு வருகிற ரத்தத்தையே நிறுத்திவிடும். வாழை இலை விரிப்பவர்கள் இருக்கிறார்கள், குளிர்ச்சியாக இருக்கும், விரித்துக்கொள்ளுங்கள், எடையைக் குறைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

நம்ம ஊர் வெயிலில் வியர்வை இன்னொரு எதிரி. ஏப்ரல், மே மாதத்தில் ரெக்சின் ஷீட்டில் நேராகப் படுக்கவைத்தால் முதுகு வெந்துபோகும். டயப்பர் கட்டினால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை தொட்டுப் பாருங்கள், மலம் போயிருந்தால் அப்போதே மாற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்துத் துடைத்து, தேங்காயெண்ணெயோ வாசலினோ லேசாகத் தடவினால் ஈரம் தோலில் ஊறாது. பெண்களுக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்பக்கமாகத் துடைக்க வேண்டும். உணர்ச்சி இல்லாத காலில் வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் போட்டுக்கொண்டு வருகிறவர்களை வருடத்துக்குப் பத்துப் பேராவது பார்ப்பேன். அவருக்குச் சுடுகிறது என்று சொல்லத் தெரியாது. அந்தப் பையை எடுத்துப் பரணில் போட்டுவிடுங்கள்.

புண் வந்தே விட்டால், மெடிக்கலில் நார்மல் சலைன் பாட்டில் வாங்கி அதனால் கழுவி, டாக்டரோ நர்சோ சொன்ன டிரெஸ்ஸிங்கை மட்டும் போடுங்கள். மஞ்சள், சாம்பல், நுரைத்துப் பொங்குகிற மருந்து எதுவும் உள்ளே போக வேண்டாம், புதிதாக வளர்கிற சதையையும் சேர்த்துக் கொன்றுவிடும். கறுப்பாகக் காய்ந்த பொருக்கு, நாற்றம், காய்ச்சல், எலும்பு தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். சதை வளரப் புரதம் வேண்டும்: முட்டை, பருப்பு, பால். புண் இருப்பவருக்குப் பத்தியம் என்று வெறும் அரிசிக் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தால் புண் ஆறாது. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்களுக்கு மட்டும் எவ்வளவு புரதம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. புண் மெதுவாகக் கொல்லும், சாப்பாடு புரையேறினால் இரண்டே நாளில் நிமோனியா. வாதம் வந்தவர்களில் நிறையப் பேருக்கு விழுங்குகிற தசையும் பாதிக்கப்படும். வாயில் விட்டது உணவுக்குழாய்க்குப் போவதற்குப் பதில் மூச்சுக்குழாய்க்குப் போகும், சிலருக்கு இருமல்கூட வராது. மூக்குக்குழாய் போட்டு அனுப்பியிருந்தால், டாக்டர் சொல்லும்வரை வாயில் ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட விடாதீர்கள். தீர்த்தம்தானே, ஒரு சொட்டுதானே என்று விடுகிற பாட்டிமார்கள் எல்லா வீட்டிலும் உண்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயில் ஊற்றுவதற்கு முன்னால் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். மடக்குகிற கட்டில் இல்லையென்றால் தலையணைகளை அடுக்கி முதுகோடு சேர்த்து நிமிர்த்துங்கள், அரைவாசி உட்கார்ந்த மாதிரி, 45 டிகிரிக்கு. கழுத்தை மட்டும் மடக்கி வைப்பது ஆகாது. குழாயில் மூக்கு ஓரத்தில் ஒரு பேனாக் கோடு போட்டு வைத்திருப்பார்கள், இல்லையென்றால் டிஸ்சார்ஜ் அன்றே போடச் சொல்லுங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தால், வாய்க்குள் குழாய் சுருண்டு தெரிந்தால், ஊற்றாதீர்கள். கழன்ற குழாயை நீங்களே திரும்பத் தள்ளவும் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் 50 மில்லி ஊசியின் (சிரிஞ்சின்) உள்தண்டை எடுத்துவிட்டு, குழாயை மடித்துப் பிடித்து மாட்டி, முதலில் 30 மில்லி கொதித்து ஆறின தண்ணீர், பிறகு 200 மில்லி கஞ்சியோ பாலோ, கடைசியில் மறுபடி 30 மில்லி தண்ணீர். ஊசியை ஒரு அடி உயரத்தில் பிடித்தால் தானாக இறங்கும், தண்டை வைத்து அழுத்தவே வேண்டாம். கேழ்வரகுக் கஞ்சியானால் வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள், ஒரு கப்பி போதும் குழாய் அடைத்துக்கொள்ள. ஊற்றும்போது இருமல், மூச்சுத் திணறல், முகம் நீலம் பாரித்தால் உடனே நிறுத்திக் குழாயை மடியுங்கள். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அதே நிமிர்ந்த நிலையில் இருக்கட்டும். புரட்டுகிற நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் இரண்டும் இடிக்காது. மாத்திரையைப் பொடித்துக் கரைக்கும் முன் எதைப் பொடிக்கலாம் என்று மருந்து கொடுக்கிற இடத்தில் கேளுங்கள், மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும்.

வாயால் சாப்பிடலாம் என்று அனுமதி கிடைத்தவர்களுக்கு ஒரு விஷயம். தண்ணீர்தான் சுலபம் என்று நினைக்கிறோம், தண்ணீர்தான் கஷ்டம், வேகமாக ஓடிவிடும். அதைவிடக் கஷ்டம் கட்டியும் தண்ணியும் கலந்தது. ரசம் சாதம் அப்படிப்பட்டது: ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடும், சோறு வாயிலேயே நிற்கும். ஜிகர்தண்டா கேட்டு அடம்பிடித்த ஒரு பெரியவரை மறக்கவே முடியாது. பால், உருகுகிற ஐஸ்கிரீம், வழுக்குகிற கடல்பாசி, மூன்றும் மூன்று வேகத்தில் இறங்கும், இதைவிடப் பொல்லாத சோதனையை விழுங்குகிறவருக்கு வைக்க முடியாது! குழையப் பிசைந்த இட்லி கெட்டிச் சாம்பாரோடு, மசித்த பருப்புச் சாதம், கெட்டித்தயிர், இப்படி ஒரே பதத்தில் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, நல்லா இருக்கிற பக்கத்து வாயில், சின்ன ஸ்பூனில். விழுங்கின பிறகு "ஆ" சொல்லச் சொல்லுங்கள், குரல் கொரகொரவென்று ஈரமாகக் கேட்டால் உள்ளே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். குழாயில் சாப்பிடுகிறவருக்கும் காலை, இரவு இரண்டு வேளை பல், நாக்கைத் துடைத்துவிடுங்கள், வாய் அழுக்குதான் நெஞ்சுச் சளியாக மாறுகிறது.

மூத்திரப் பை இடுப்பைவிடத் தாழ்ந்தே இருக்கணும், ஆனால் தரையில் படக் கூடாது. புரட்டும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைக்கிற பழக்கம் நிறைய வீட்டில் உண்டு, மூத்திரம் திரும்ப உள்ளே ஓடும். முக்கால்வாசி நிறையும் முன்னால் காலி செய்து, அளவை அட்டையில் எழுதுங்கள். குழாய் நுழைகிற இடத்தைத் தினம் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். காய்ச்சல், ரத்தம், கலங்கல், மூத்திரமே வராமல் அடிவயிறு உப்புவது, இதற்கெல்லாம் காத்திருக்காமல் போங்கள்.

சர்க்கரையும் இருக்கிறவர் என்றால், இன்சுலின் போட்டுவிட்டு "இப்போ வேண்டாம், தூங்குகிறார்" என்று கஞ்சியைத் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று வியர்த்துக் கொட்டி மயங்கினால் சர்க்கரை பார்க்க வேண்டும், 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குழாயில் விட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கணும். மயங்கினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இன்சுலின் பாட்டிலில் 40 என்று போட்டிருந்தால் 40 என்று போட்ட ஊசி, 100 என்றால் 100 என்று போட்ட ஊசி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு தப்பும்.

இன்னொரு தடவை முகம் கோணினாலோ, நல்லா இருந்த கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். ரத்த அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், அதற்குள் ஸ்கேனும் எடுத்தாகணும். நாட்டு வைத்தியம் என்று புறா ரத்தம் தேய்க்க ஆள் தேடிப் போகிற நேரம் அந்தக் கணக்கில்தான் கழியும்.

2021இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நர்சும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். அவர்கள் வரும்போது ஓரமாக நிற்காமல், நீங்கள் புரட்டிக் காட்டி, சரியா சிஸ்டர் என்று கேளுங்கள்.

கடைசியாக அந்த அட்டைக்கு வருவோம். நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் முக்கால்வாசி அட்டையில் எல்லா டிக்கும் ஒரே கையெழுத்து, மருமகளுடையது. மகன்கள் டாக்டரிடம் பேசுவார்கள், ஏர் பெட் வாங்கி வருவார்கள், அப்பாவின் துணியை மாற்றச் சொன்னால் கூச்சம் என்பார்கள். அந்தப் பெண் ஒரு மாதத்தில் இடுப்பு வலியோடு என்னிடம் வந்து நிற்பாள். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் பேனாவை வாங்கி, ராத்திரி 12, 2, 4 மணிக்கு நேராக மகன் பெயரை நானே எழுதிவிட்டு வருவேன். அவரவர் போனில் அலாரம் வைப்பதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.